சத்துரு எதிரே நிற்கும்போது: புது விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

"அக்கா, நான் ஆண்டவர ஏத்துக்கிட்டதுல இருந்துதான் எல்லாம் தலைகீழா நடக்கு. ஆபீஸ்ல மேனேஜர் என்னக் கண்டாலே எரிஞ்சு விழுதாரு. வீட்ல அம்மா முகம் குடுத்துப் பேசுறதில்ல. யாரும் எதுவும் செஞ்சு வெச்சிட்டாங்களோன்னு பயமா இருக்கு. நான் என்ன ஜெபம் பண்ணணும்?"

ஞானஸ்நானம் எடுத்து ஆறேழு மாதமானவர்கள் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டும் நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருபது வருஷமாகச் செவ்வாய்க்கிழமை ஜெபக்குழு நடத்துகிறேன். ஆரம்பத்தில் நானும் இப்படிக் கேட்பவர்களுக்கு உடனே ஒரு வசனத்தை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவேன். வசனம் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பெரிய தப்பு தேவைப்பட்டது. அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

உங்களுக்கு எதிராக நடப்பதாக நீங்கள் நினைப்பதையெல்லாம் எழுதுங்கள். யார், என்ன செய்தார், எந்தத் தேதியில். "எல்லாரும் எனக்கு விரோதமா இருக்காங்க" என்று எழுதக்கூடாது. "போன வியாழக்கிழமை மேனேஜர் எனக்கு மெமோ கொடுத்தார்" என்று எழுதவேண்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி போடுங்கள்: இதில் என் பங்கு என்ன? எங்கள் குழுவுக்கு வந்த ஒரு தம்பி, மெமோ வந்ததைச் சத்துருவின் போராட்டம் என்று சொல்லி ஜெபிக்கக் கேட்டார். விசாரித்தால் வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் தாமதமாகப் போயிருக்கிறார். பேதுரு தன் முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் இதைப் பட்டென்று சொல்லிவிடுகிறார்: திருடனாகவோ, பொல்லாங்கு செய்தவனாகவோ, அடுத்தவர் காரியத்தில் தலையிட்டவனாகவோ ஒருவனும் பாடுபடக்கூடாது, கிறிஸ்தவனாகப் பாடுபட்டால் மட்டும் வெட்கப்படவேண்டாம். நம் தப்பின் பலனைப் பிசாசின் கணக்கில் எழுதிவிட்டால், திருத்தவேண்டியது திருத்தப்படாமலே கிடக்கும். அந்தத் தம்பி மறுவாரம் முந்தின பஸ்ஸைப் பிடித்தார்.

ஆளையும் தீமையையும் பிரியுங்கள்

தாளில் மிச்சம் இருப்பவைதான் நிஜமான எதிர்ப்புகள். இப்போது எபேசியர் 6ஆம் அதிகாரத்தை எடுங்கள். 12ஆம் வசனம், "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" நமக்குப் போராட்டம் என்கிறது. மாம்சமும் இரத்தமும் என்றால் மனிதர்கள். மேனேஜருக்கு மாம்சமும் இரத்தமும் உண்டு. மாமியாருக்கும் உண்டு. ஆகவே அவர்கள் உங்கள் போர்க்களத்தின் எதிரிகள் அல்ல. அவர்கள் செய்த அநியாயம் அநியாயம்தான், அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் "அவ ஒரு பிசாசு" என்று ஒருவரைப் பற்றி நாம் சொன்ன நிமிஷம் அவருக்காக ஜெபிக்கும் வழி அடைந்துபோகிறது.

இதே அதிகாரத்தில்தான் சர்வாயுதவர்க்கம், அதாவது ஆண்டவர் தரும் முழுப் போர்க்கவசம், வருகிறது. சத்தியம் கச்சை (இடுப்பு வார்), நீதி மார்க்கவசம், சுவிசேஷத்தின் ஆயத்தம் பாதரட்சை (செருப்பு), விசுவாசம் கேடகம், இரட்சணியம் தலைச்சீரா (தலைக்கவசம்), தேவவசனம் பட்டயம் (வாள்). காலையில் எழுந்ததும் இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி அணிந்துகொள்கிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம். ஆனால் வரிசையில் முதலில் நிற்பது சத்தியம் என்பதைக் கவனியுங்கள். பொய் பில் கொடுத்து அலுவலகத்தில் பணம் வாங்கிக்கொண்டு கச்சை கட்டியிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வருவது "நில்லுங்கள்" என்ற சொல். துரத்திக்கொண்டு ஓடச் சொல்லவில்லை. இருக்கிற இடத்தில், செய்கிற வேலையில் அசையாமல் நிற்கச் சொல்கிறது. இந்த நிருபத்தை எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார். சங்கிலியில் கட்டப்பட்ட ஸ்தானாபதி (தூதர்) என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, தனக்காக ஜெபிக்கக் கேட்கிறார். கேட்டது விடுதலைக்காக அல்ல, தைரியமாகப் பேசுவதற்காக.

கசப்பை ஆண்டவரிடம் கொட்டுங்கள், ஆனால் கவனமாக

என் அப்பா வீட்டுக் கிணறு எனக்கும் அண்ணனுக்கும் பொது. அண்ணன் இறந்த மறுவருஷம் மதினி கிணற்றடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். துணி துவைக்கப் போனவள் வாளியோடு வாசலில் நின்றேன். அடுத்த வாரம் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ். என் சொந்த அண்ணன் வீட்டிலிருந்து நோட்டீஸ் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

யாரோ சொன்னார்கள், 35ஆம் சங்கீதத்தை வாசி, கர்த்தர் உன் வழக்காளிகளோடு வழக்காடுவார் என்று. வாசித்தேன். மனம் ஆறவில்லை. 109க்குப் போனேன். சாபச் சங்கீதங்களிலேயே கடுமையானது அதுதான். "அவன்" என்று வரும் இடத்திலெல்லாம் மதினியின் பெயரைப் போட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு முழங்காலில் நின்று, மூன்று மாதம் வாசித்தேன். அதை ஜெபம் என்றே நம்பினேன்.

ஒருநாள் எங்கள் சபை உபதேசியார் வீட்டுக்கு வந்தார். எண்பதை நெருங்கியவர், என் அப்பாவின் சேக்காளி. என் வேதாகமம் 109ஆம் சங்கீதத்தில் விரிந்து கிடந்தது, ஓரத்தில் பென்சிலில் பெயர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, 9ஆம் வசனத்த எப்படி வாசிக்க?"

நான் குனிந்து பார்த்தேன். "அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள்."

"அவ ஏற்கெனவே விதவதானம்மா. அந்தப் பிள்ளைக ஏற்கெனவே தகப்பன் இல்லாத பிள்ளைக. ஒங்க அண்ணன் பிள்ளைக. இன்னும் என்ன வேணும்னு ஆண்டவர்கிட்ட கேக்க?"

எனக்கு வாய் வரவில்லை. சின்னவனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனைத் தொட்டிலில் ஆட்டியவள் நான்.

எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்று ஒரு வசனம் உண்டு. அதை நாங்கள் எத்தனையோ முறை மந்திரம், தந்திரம், பேய் பற்றிய ஜெபங்களில் சொல்லியிருக்கிறோம். அதற்கு முந்தின வசனம் சொல்வதோ, சூரியன் அஸ்தமிக்கும் முன் உங்கள் எரிச்சல் தணியவேண்டும் என்று. இடம் கிடைப்பது நாள்பட்ட கோபத்தில். மூன்று மாதம் என் வீட்டில் பூட்டுத் திறந்து கிடந்தது அந்த வழியாகத்தான்.

அப்படியானால் இந்தச் சங்கீதங்களை வாசிக்கக் கூடாதா? வாசிக்க வேண்டும். இவை வேதத்தில் இருப்பதே, நம் ஆத்திரத்தை ஆண்டவரிடம் மறைக்க வேண்டியதில்லை என்பதற்காக. நெருங்கின நண்பனே முதுகில் குத்திவிட்டால் 55ஆம் சங்கீதம்போல் ஆறுதல் வேறில்லை. நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், நீயோ என் தோழன் என்று அழுகிற சங்கீதம் அது. ஆனால் வாசிக்கும் முறை ஒன்று இருக்கிறது. நியாயம் தீர்ப்பதை ஆண்டவர் கையில் ஒப்படைத்துவிட்டு எழுந்திருக்கத்தான் அந்த வார்த்தைகள். தண்டனையின் அளவை நாம் எழுதிக்கொடுப்பதற்கு அல்ல. சவுல் ராஜா தன்னைக் கொல்லத் தேடிய நாட்களில், என்கேதிக் குகையில் அவனையே கைக்கெட்டும் தூரத்தில் பெற்றான், சங்கீதங்களில் பலவற்றைப் பாடிய தாவீது. சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது என்று 1 சாமுவேல் 24 சொல்கிறது. கோபத்தைப் பாட்டில் கொட்டத் தெரிந்தவன் கத்தியை அடக்கினான்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் 109க்குப் போகவேண்டாம். 3, 27, 55, 57 இந்த நான்கும் போதும். மனிதர் பெயரை வேதாகமத்தின் ஓரத்தில் எழுதவே வேண்டாம்.

பெயர் சொல்லி ஜெபியுங்கள்

மத்தேயு 5:44 எல்லோருக்கும் தெரியும். "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்." கேட்டவுடன், மனசில் அன்பு வந்தால்தானே செய்ய முடியும் என்று நினைக்கிறோம். அந்த வசனம் மனசு மாறும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள் என்று வாய்க்கும் கைக்கும் முழங்காலுக்கும் வேலை கொடுக்கிறது.

எனக்கு உபதேசியார் சொல்லிக்கொடுத்த முறையை அப்படியே தருகிறேன். ஏழு நாள், தினம் ஒரு நிமிஷம். முதல் மூன்று நாள் அந்த ஆளின் பெயரைச் சொல்லி, அவருக்கு இன்று என்ன தேவையோ அதைக் கேளுங்கள். சுகம், வேலை, பிள்ளைகளின் படிப்பு. "ஆண்டவரே, அவளைத் திருத்தும்" என்பது இந்த மூன்று நாளில் கிடையாது. நாலாம் நாளில் இருந்து, அவருக்கு நான் செய்த தப்பு எது என்று காட்டும்படி கேளுங்கள். ஏழாம் நாள் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். நேரில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதுகூடப் போதும்.

முதல் நாள் மதினியின் சர்க்கரை வியாதிக்காக ஜெபிக்க வாயெடுத்தபோது தொண்டை அடைத்தது. ஒரே வாக்கியம்தான் சொன்னேன், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. பரவாயில்லை. அப்படித்தான் தொடங்கும்.

வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால்

இதைப் பற்றிப் பிரசங்க மேடையில் நிதானமாகப் பேசுகிறவர்கள் குறைவு. ஒன்று சிரித்துத் தள்ளுகிறார்கள், அல்லது பயமுறுத்துகிறார்கள். காலையில் கதவைத் திறக்கிறீர்கள். குங்குமம் தடவி அறுத்த எலுமிச்சம்பழம், சாம்பல், மயிர்ச்சுருள். நேற்றுவரை இதற்குப் பயந்தே வளர்ந்த ஒருவருக்கு உடல் நடுங்குவது இயல்பு.

செய்யவேண்டியது சுலபம். ஒரு காகிதத்தில் அள்ளிக் குப்பையில் போடுங்கள், வாசலைக் கழுவுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நின்று ஒரு ஜெபம் செய்யுங்கள். பாலாக் என்ற ராஜா இஸ்ரவேலைச் சபிக்கப் பிலேயாம் என்ற குறிசொல்பவனைக் கூலிக்குக் கூப்பிட்டபோது அவன் வாயாலேயே வந்த சொல் எண்ணாகமம் 23:23இல் இருக்கிறது: "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை." அதைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போங்கள்.

செய்யக்கூடாதது இரண்டு. இது யார் வேலை என்று குறி கேட்கப் போகாதீர்கள். குறி சொல்பவர் கையில் வேதாகமம் வைத்திருந்தாலும் அது குறிதான். "உங்க சொந்தக்கார அம்மா ஒருத்தங்க, கறுப்பா இருப்பாங்க" என்று ஜெபத்தின் நடுவே சொல்லி, கட்டுகளை உடைக்க இவ்வளவு காணிக்கை என்று கேட்பவர் வீட்டை விட்டு அன்றே வெளியே வாருங்கள். அந்த ஒரு வார்த்தையால் உடைந்துபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, வசனத்தைத் தாயத்து ஆக்காதீர்கள். 91ஆம் சங்கீதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைக்கிறவர்கள் உண்டு. வனாந்தரத்தில் இயேசுவிடம் அதே 91ஆம் சங்கீதத்தைத்தான் பிசாசு எடுத்துச் சொன்னான். இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்து பதில் சொன்னார், கீழ்ப்படிவதைப் பற்றிய வசனங்களால். எபேசுவில் ஸ்கேவா என்பவனின் ஏழு குமாரர் இயேசுவின் பெயரை ஒரு மந்திரம்போல் உச்சரித்துப் பார்த்து, அடிபட்டு ஓடிய கதை அப்போஸ்தலர் 19இல் இருக்கிறது. அதே அதிகாரத்தில்தான் மாயவித்தைக்காரராயிருந்த விசுவாசிகள் 50,000 வெள்ளிக்காசு பெறுமான புத்தகங்களைக் கொண்டுவந்து கொளுத்தினார்கள். விற்றுக் காசாக்கவில்லை.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தூக்கம் இல்லை, காதில் குரல் கேட்கிறது, சாகவேண்டும்போல் இருக்கிறது என்றால் ஜெபத்தோடு மருத்துவரிடமும் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். லூக்கா ஒரு வைத்தியர். பவுல் அவரைப் "பிரியமான வைத்தியன்" என்றே எழுதுகிறார்.

ஜெபமும் காவலும்

எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டவிடாமல் எதிரிகள் கூடியபோது நெகேமியா என்ன செய்தார் என்பதை நெகேமியா 4:9 ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. தேவனை நோக்கி ஜெபித்தோம், இரவும் பகலும் காவல் வைத்தோம். 52 நாளில் அலங்கம் முடிந்தது.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதை எசேக்கியா ராஜா செய்ததுபோல ஆண்டவர் முன் விரித்து வையுங்கள். அசீரிய ராஜா அனுப்பிய மிரட்டல் கடிதத்தை அவர் ஆலயத்தில் விரித்தார் என்று 2 இராஜாக்கள் 19:14 சொல்கிறது. விரித்துவிட்டுச் சொன்ன கெடுவுக்குள் பதிலும் அனுப்புங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் 15100க்கு அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்கு வழி சொல்வார்கள். பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி நியாயம் கேட்டார், இராயனுக்கே (ரோமப் பேரரசனுக்கே) மேல்முறையீடு செய்தார். யாரும் அதை விசுவாசக் குறைவு என்று சொன்னதில்லை.

"சத்துருவை நேசி" என்ற வசனத்தைச் சொல்லி ஒரு பெண்ணை, அடிக்கிற கணவனிடமே திருப்பி அனுப்புவது பெரிய பாவம். தங்கச்சி, உன்னை அவன் அடித்தால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போ. 181 பெண்கள் உதவி எண், அவசரத்துக்கு 112. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் உனக்காகத்தான். மன்னிப்பதை அதற்குப் பிறகு, ஆண்டவரோடு, உனக்கு வேண்டிய காலம் எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

மன்னிப்பும் நியாயமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை என்பதற்குக் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் உறங்கிய அவர் கணவர் கிரகாமையும் மகன்கள் பிலிப்பு, தீமோத்தேயுவையும் உயிரோடு எரித்தார்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயதும் ஆறு வயதும். செய்தவர்களை மன்னிக்கிறேன் என்றார். பாரிபாடாவில் இருந்து தொழுநோயாளிகள் மத்தியில் வேலையைத் தொடர்ந்தார். ஆனால் குற்றத்தின் விளைவை மன்னிப்போடு கலக்கக்கூடாது என்பதையும் தெளிவாகச் சொன்னார். வழக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

வீட்டார் எதிர்த்தால்

வேறு வழிபாட்டிலிருந்து வந்தவர்களுக்கு முதல் எதிர்ப்பு பெற்றோரிடமிருந்துதான் வரும். "ஒரு மனுஷனுக்குச் சத்துருக்கள் அவன் வீட்டாரே" என்ற வசனத்தைச் சிலர் உடனே கையில் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து அம்மாவைப் பார்க்காதீர்கள். அம்மாவின் அழுகையில் இருப்பது பயம். நீ எங்களை விட்டுப் போய்விடுவாயோ, ஊர் என்ன சொல்லும், நான் செத்தால் எனக்குக் கொள்ளி வைப்பாயா. இந்தக் கேள்விகளை அவள் வாயால் கேட்க வையுங்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். சாமி படங்களின் முன்னால் நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள். முன்பு கொடுத்ததைவிட ஐந்நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பளத்தில் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிப் போங்கள். உங்களால் கலந்துகொள்ள முடியாத பூஜை எது என்பதை முன்கூட்டியே, தனியாக, தாழ்ந்த குரலில் சொல்லிவிடுங்கள். பண்டிகை அன்று எல்லோர் முன்பும் சொல்வதுதான் அவர்களுக்கு அவமானம்.

சபைக்குள்ளேயே வந்தால்

வரும். முன்னாலேயே சொல்லிவைக்கிறேன், இடறிப்போகாமல் இருக்க. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கை இரண்டு வருஷத்தில் சிறையில் அடைத்தது ஊர்ஜனங்கள் இல்லை. அவரைப் போலவே கிறிஸ்தவரான டேனிஷ் கோட்டைத் தளபதி. நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து விட்ட இடத்தில் தொடங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

சபையில் ஒருவர் உங்களுக்குத் தப்பு செய்தால் மத்தேயு 18:15 வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அவரிடம் தனியாக. பிறகு ஒன்றிரண்டு பேரோடு. அப்புறம்தான் சபை. வாட்ஸ்அப் குழு அந்த வரிசையில் எங்கும் இல்லை.

இரவில்

எங்கள் கிணற்று விவகாரம் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தது. கிணறு பொது, சுற்றுச்சுவர் மதினி பாகம். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்மஸுக்கு முறுக்கு வந்தது, நான் அதிரசம் அனுப்பினேன். பவுல் ரோமருக்கு "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்றுதான் எழுதினார். ஆனமட்டும் ஆகியிருக்கிறது. சின்னவன் இப்போது கல்லூரிக்குப் போகிறான், லீவில் வந்தால் என் வீட்டில்தான் காப்பி.

நீங்கள் இன்று தொடங்குங்கள். படுக்கும் முன், முதலில் எழுதச் சொன்ன அந்தத் தாளை எடுங்கள். ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை மெதுவாக வாசித்து, "ஆண்டவரே, இவரை உம்மிடம் விடுகிறேன்" என்று சொல்லுங்கள். தாளை மடித்து வேதாகமத்துக்கு வெளியே, மேஜைமேல் வையுங்கள். போனையும் அங்கேயே வையுங்கள், யார் என்ன ஸ்டேட்டஸ் போட்டார்கள் என்று பார்க்கவேண்டாம். பிறகு நான்காம் சங்கீதத்தின் கடைசி வசனம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." சத்தமாகச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள்.